மருமகனின் மொட்டை

பெரிய போட்டிக்கு முன் நீச்சல்காரர்கள் உடம்பு மயிரையெல்லாம் வழித்துவிடுவார்கள் என்பது கலியாணம் கட்டும்வரை எனக்குத் தெரியாது. என் கணவர் ஸ்லோவாக்கியர். போட்டி நெருங்கினால் குளியலறையைப் பூட்டிக்கொண்டு கால், கை, மார்பு என்று சிரைப்பார். தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொள்ளும். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்களோடு ஒரே அபார்ட்மெண்டில் இருந்த அம்மாவுக்கு இது பெரிய தலையிடி.

"ஆம்பிளை காலைச் சிரைக்கிறதை நான் எங்கையும் காணேல்லை. உந்தாளுக்கு என்ன விசரே?"

"அப்பிடிச் செய்தால் வேகமாப் போகலாமாம் அம்மா."

"மீன் என்ன சிரைச்சுப்போட்டோ நீந்துது?"

தலையையும் மீசையையும் இவர் தொடாததுதான் அம்மாவுக்கு ஒரே ஆறுதல். தலைக்கு ரப்பர் தொப்பி இருந்தது. மீசை, மாமியைக் குளிர்விக்க வைத்தது. அந்த மீசையால்தான் இவர் மருமகன் மாதிரி இருக்கிறார் என்று அம்மா கதைத்துத் திரிந்தார்.

இவர் டானூப் ஆற்றங்கரை நகரமொன்றில் பிறந்தவர். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பதக்கங்கள் வாங்கத் தொடங்கியவர். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் நாடு இரண்டாகிவிட்டது. தொப்பியிலிருந்த கொடியை மாற்றிக்கொண்டு அதே குளத்தில் நீந்தினாராம். ஒரு வெடிச் சத்தமும் இல்லையாம். இதைக் கேட்ட என் அப்பா வன்னியிலிருந்து தொலைபேசியில், "உண்மையாத்தானோ? ஒருத்தரும் சாகேல்லையோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு இவர் படிப்போடு நீச்சலும் என்று ரொறன்ரோவுக்கு வந்தார். தன் நாட்டுக்காக நீந்தும் வாய்ப்பு ஒவ்வொரு தரமும் கைக்கெட்டிய தூரத்தில் வந்து தவறிப்போனது. நீச்சலுக்குக் கிழவயது என்று சொல்லத்தக்க வயதில், மொன்றியலில் ஒரு கடைசிப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். அதில் குறித்த நேரத்துக்குள் நீந்தினால் நாடு கூப்பிடும். இல்லாவிட்டால் அத்தோடு சரி.

நான் ஒரே பிள்ளை. அம்மாவையும் அப்பாவையும் ஒன்றாகத்தான் இங்கே வர ஸ்பொன்சர் செய்தேன். "நீ முதல் போ, நான் வயலை வெட்டிப்போட்டு வாறன்" என்று அப்பா அம்மாவை அனுப்பிவிட்டார். வன்னிப் பாதை பூட்டுப்பட்டது. சண்டை அவரைத் துரத்திக்கொண்டே போனது. மாசி மாதம் கடைசியாகக் கதைத்தபோதும் அவருக்குப் பகிடிதான். "எனக்குக் கொள்ளி வைக்க ஆம்பிளைப் பிள்ளை இல்லையெண்டு கவலைப்பட்டன். இப்ப ஒரு வெள்ளைக்காரன் இருக்கிறான்" என்றார். இவரும் சிரித்துக்கொண்டு "ஓம், மாமா" என்றார். கொள்ளி வைப்பவர் தலையையும் மீசையையும் மழித்துவிட்டு முழுகுவது எங்கள் வழக்கம் என்று நான் விளங்கப்படுத்தியதும் அன்றைக்குத்தான்.

மே மாதம் வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. எது முடிந்தது, யார் மிஞ்சினார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை. போரை எதிர்த்த ஊர்வலத்துக்குப் போனேன், வேலைக்கும் போனேன். இரண்டிலும் நான் இருக்கவில்லை. அம்மா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே படுத்தார்.

அந்தக் கிழமை ஒரு மத்தியானம், இவருடைய கூட்டாளிகள் கடைசிப் போட்டி என்ற சந்தோசப் புளுகத்தில் நீச்சல் குளத்தில் வைத்து இவருக்கு மொட்டை அடித்துவிட்டார்கள். மீசையையும் விடவில்லை. தோளில் ஈரத் துவாயோடு வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த அம்மா அந்தத் தலையைப் பார்த்தார், மீசையில்லாத உதட்டைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெற்றிப் பொட்டைப் புறங்கையால் அழித்துவிட்டு நிலத்தில் விழுந்து குழறத் தொடங்கினார்.

பொட்டை அழித்தால் என்ன அர்த்தம் என்று இவருக்குத் தெரியும். தான் குளத்தில் நின்ற நேரம் செய்தி வந்துவிட்டது என்று எண்ணி, மாமியைக் கட்டிப்பிடித்துத் தானும் அழுதார். அவர் அழுததும் அம்மாவுக்கு மிச்சச் சந்தேகமும் போய்விட்டது.

வேலை முடிந்து நான் வந்தபோது பக்கத்து வீட்டு அன்ரி பிளாஸ்கில் தேத்தண்ணியோடு நின்றார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அவர் கொண்டுவந்தது. மொட்டைத் தலையோடு இவர், பொட்டில்லாமல் அம்மா. நான் யாரிடம் என்ன கேட்க? "அப்பா" என்று கத்திக்கொண்டு அவர்களுக்கு நடுவில் விழுந்தேன்.

அழுது களைத்த பிறகுதான் லண்டனிலிருக்கும் சித்திக்குச் சொல்லவேண்டுமே என்ற நினைவு வந்தது.

"ஆரம்மா போன் எடுத்தது? என்ன சொன்னவை?"

"எனக்கு ஆரும் எடுக்கேல்லை. இவருக்குத்தான் சொல்லியிருக்கினம். தலையைப் பார்."

நான் இவரைப் பார்த்தேன். தனக்கு யாரும் சொல்லவில்லை, மாமி அழுததால்தான் அழுதேன் என்றார். பிறகு மெதுவாகத் தன் தலையைத் தடவிப் பார்த்தார். கூட்டாளிகள் போட்டிக்காக வழித்தது என்றார்.

சிரிப்பதா, சாமிக்கு விளக்கு வைப்பதா, இவரை அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா சாகவில்லை. அப்பா இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை. அன்ரி தேத்தண்ணியை ஊற்றித் தந்தார். குடித்தோம். அம்மா குங்குமச் சிமிழோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

"வைக்கிறதோ பிள்ளை, விடுறதோ?"

"வையுங்கோ அம்மா."

வைத்தார். பொட்டு கோணலாகிவிட்டது.

மொன்றியலுக்குப் போகமாட்டேன் என்று இவர் பிடிவாதமாக நின்றார். அம்மாதான், "போட்டு வரட்டும். இனிச் சிரைக்கவும் ஒண்டும் இல்லை" என்று அனுப்பினார். திரும்பி வந்தவரிடம் என்ன நடந்தது என்று கேட்கவே நான் மறந்துவிட்டேன். சில நாள் கழித்துத்தான் கேட்டேன். "கிட்டத்தான். ஆனால் காணாது" என்றார். நாடு கூப்பிடவில்லை; பிறகு ஒருநாளும் அவர் போட்டிக்கு நீந்தவில்லை.

அப்பாவைக் கண்டோம் என்று ஒருவரும் வரவில்லை, இறந்ததைக் கண்டோம் என்றும் வரவில்லை. அம்மா வருசக்கணக்காகக் காலையில் பொட்டு வைத்தார். வைக்கும்போதெல்லாம் கை கொஞ்சம் நின்று பிறகுதான் போகும். போன வருசம் திடீரென்று, "அந்த மனுசனுக்கு ஒரு திவசம் குடுப்பம்" என்றார். றிச்மண்ட் ஹில் கோயிலில் ஐயர் திதி கேட்டார். இவர் மொட்டையோடு வந்த அந்த நாளை அம்மா தடுமாறாமல் சொன்னார். "அண்டைக்குத்தானே எல்லாருமாச் சேர்ந்து அழுதனாங்கள்."

திவசத்தன்று விடிய இவர் குளியலறையைப் பூட்டிக்கொண்டார். தலையும் மீசையும் மழித்து, முழுகி, ஈரத்தோடு வெளியே வந்தார். அம்மா அந்தத் தலையைப் பார்த்தார்.

"இண்டைக்கு நீச்சல் ஒண்டும் இல்லைத்தானே, தம்பி?"

"இல்லை, மாமி."

அம்மா பொட்டை அழித்தார்.