நீச்சல் குளத்தில் சத்தம் கூடாது

தேவகிருபைக்கு நாற்காலி ஆகாது. திருவொற்றியூர் நெய்தல் ரெசிடென்சியில் நீச்சல் குளத்துக் காவலுக்கு அவளை எடுத்தபோது, கரையோரம் உயரமான இரும்பு நாற்காலி ஒன்றைப் போட்டு மேலே குடையும் விரித்துக் கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் அவள் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. குளிக்க வருகிறவர்கள் அதில் துண்டு காயப்போட்டார்கள். அவள் நடந்துகொண்டே இருப்பாள். இந்த முனையிலிருந்து அந்த முனை, மறுபடி இந்த முனை. உதடு அசையாமல் தலைகளை எண்ணுவாள். பதினொன்று. பதினொன்று. பத்து. பத்து என்றதும் விளிம்புக்கு வந்து குனிந்து பார்ப்பாள். பதினோராவது தலை மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே வந்த பிறகுதான் மூச்சு விடுவாள்.

வீட்டிலும் அப்படித்தான். புருஷன் செல்வநாதன் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். "உன் காலுக்கு எவன்டி சாவி குடுத்து வுட்டான்? நிக்கவே மாட்டுது" என்பான். அவள் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தபடியே சாப்பிட்டு முடிப்பாள்.

பிறந்தது ராயபுரத்தில், மீன்காரர்கள் சந்தில். அம்மா சிலுவையம்மாள் காசிமேட்டில் மீன் கூடை எடுத்து விற்றவள். ஏலத்தில் பத்துப் பேர் குரலை மீறிக் கூவினால்தான் கூடை கைக்கு வரும். அந்தத் தொண்டை மகளுக்கும் வந்தது. நீச்சல் மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் வந்தது. கடலோரம் கொட்டிய கருங்கல்லுக்கு நடுவே குதித்துக் குதித்து, முட்டியெல்லாம் தேய்ந்து, அடி வாங்கிக் கற்றுக்கொண்டாள். பிறகு துணி பேக்கிங் கம்பெனி, நர்சரிப் பள்ளியில் ஆயா என்று எங்கெங்கோ போனாள். எதிலும் கால் தரிக்கவில்லை. முப்பத்தொன்பதாவது வயசில், நீச்சல் குளங்களுக்குப் பெண் காவலர் வேண்டும் என்று ஒரு ஏஜென்சி பயிற்சி கொடுக்க, அதில் சேர்ந்தாள்.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்த ஒரே ஒரு விஷயம் அவளைப் பிடித்துக்கொண்டது. மூழ்குகிறவன் கத்த மாட்டான். கை தூக்கிக் கூப்பிட மாட்டான். சத்தமே இல்லாமல் உள்ளே போவான். அன்றிலிருந்து அமைதியான தண்ணீரைப் பார்த்தால் அவளுக்குப் பயம்.

நெய்தல் ரெசிடென்சி பழைய தொழிற்சாலை ஒன்று இருந்த மனையில் எழும்பிய மூன்று கட்டடங்கள். மதிலுக்கு வெளியே எண்ணூர் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக வரிசை கட்டி நின்று ஹாரன் அடிக்கும். அதைப் பற்றி அங்கே யாரும் புகார் கொடுத்ததில்லை. யாரிடம் கொடுப்பது? உள்ளே இருக்கும் சத்தத்துக்குத்தான் சண்டை.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் சண்டை முற்றியது. இரண்டாவது கட்டடத்து நவ்ரீன், பெண்களைச் சேர்த்துக்கொண்டு செவ்வாயும் வெள்ளியும் தண்ணீருக்குள் உடற்பயிற்சி செய்ய ஆரம்பித்திருந்தாள். குடம் அளவு ஸ்பீக்கர் ஒன்று கரையில் உட்கார்ந்து அலறும். அதை மீறிப் பிள்ளைகளை அதட்ட தேவகிருபை விசில் ஊதுவாள். விசிலும் போதாதென்றால் வாயைத் திறப்பாள்.

"ஏ, ஓடாத! தரை வழுக்குது! வுழுந்தா பல்லு பேந்துரும், சொல்ட்டன்!"

இதற்கெல்லாம் எதிராகச் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் திருமலை. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் இரும்புத் தகடு தட்டி ஓய்வு பெற்றவர். தினமும் காலை ஆறு மணிக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் நாற்பது சுற்று நீந்திவிட்டுப் போவார். தேவகிருபை வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பார். திமிர் பிடித்த ஆள் என்று அவள் நினைத்திருந்தாள்.

சங்கச் செயலாளர் சைமன், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். சரக்கு எங்கே மாட்டினாலும் சுமுகமாக எடுத்துவிடுகிற ஆள். இதையும் அப்படியே முடித்தார். மறுவாரம் குளத்துச் சுவரில் லேமினேட் செய்த அறிவிப்பு தொங்கியது. குடியிருப்பவர்கள் பாட்டை மிதமாக வைத்துக்கொள்ள வேண்டும். விசேஷங்களுக்கு முன்கூட்டிச் சொன்னால் அனுமதி உண்டு. பணியாளர்கள் விசில் ஊதக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது.

"விசிலைக் குடுத்துடு தேவகிருபை. ஆபீஸ் டிராயர்ல இருக்கட்டும்" என்றார் சைமன்.

"சார், ஒருத்தரு ஆழத்துக்குப் போனா நான் இன்னா சார் பண்றது?"

"கையைக் காட்டு. பக்கத்துல போய் மெதுவா சொல்லு. ஸ்டார் ஓட்டல்லல்லாம் அப்படித்தான்."

அவள் விசிலைக் கழற்றிக் கொடுத்தாள். கழுத்தில் கயிறு இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

அதன் பிறகு வந்த நாட்கள் அவளைப் பாடாய்ப் படுத்தின. பத்தடி தூரத்தில் ஒரு பெண் குழந்தை ஈரத் தரையில் ஓடும்; இவள் அதன் பின்னாலேயே ஓடி, தோளைத் தொட்டு, குனிந்து, "மெதுவா போ கண்ணு" என்று கிசுகிசுப்பாள். அதற்குள் எதிர்முனையில் இன்னொன்று ஓடும். இங்கே ஓடி அங்கே ஓடி, எண்ணிக்கை தப்பும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். கை காட்டினால் யார் பார்க்கிறார்கள்? குளிக்க வந்தவர்கள் இவள் கையைப் பார்க்கவா வந்தார்கள்? சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது கால் இரண்டும் துடிக்கும். ஆனாலும் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவாள்.

"வேலைய வுட்டுடேன். பேஜாரு புடிச்ச வேலை" என்றான் செல்வநாதன்.

"வுட்டா நாளைக்கு எவளோ ஒருத்தி வந்து அந்த நாற்காலில குந்திகினு செல்போன் பாப்பா. எத்தினி பசங்க கீது அங்க, தெரியுமா உனக்கு?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நவ்ரீன் மகளுக்குப் பிறந்தநாள். முன்கூட்டிச் சொல்லி அனுமதியும் வாங்கியிருந்தாள். மதியம் மூன்று மணிக்குள் குளத்தில் இருபத்தாறு தலை. கரையில் அதற்கு மேல். பலூன், பிரியாணி அண்டா, ஈரத்துணி, எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஸ்பீக்கர். அதன் அதிர்வு தரை ஓடு வழியாகத் தேவகிருபையின் உள்ளங்காலுக்கு ஏறியது. காற்று மணலிப் பக்கம் திரும்பி, ரசாயன நெடியும் பிரியாணி வாசமுமாகக் கலந்து அடித்தது. அவள் நடந்தாள். இருபத்தாறு. இருபத்தைந்து. இருபத்தாறு.

நவ்ரீனின் கணவனோடு ஆபீஸில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் எதிர்க்கரையில் செடித்தொட்டிக் கட்டைச்சுவர் மேல் ஏறி நின்றான். கீழே கைதட்டினார்கள். அவன் பாட்டுக்கு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, முட்டியை மடக்கினான்.

அந்தப் பக்கத்தில் ஆழம் மூன்றரை அடி. அடியில் பதித்த நீல ஓடு குளம் முழுக்க ஒரே நிறம். தெரியாதவனுக்கு எல்லா இடமும் ஆழம்தான்.

தேவகிருபை கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். அங்கே விசில் இல்லை. கத்தினாள். ஏலத்தில் பத்துப் பேரை மீறின அம்மாவின் அந்தக் குரல் ஸ்பீக்கரின் முரசுக்குள் புதைந்துபோனது. பக்கத்தில் நின்றவள்கூடத் திரும்பவில்லை. சுற்றி ஓடினால் நாற்பது அடி. குதித்து நீந்தினாலும் நேரமில்லை. ஸ்பீக்கர் அவள் கால் அருகில் கரை விளிம்பில் இருந்தது.

எட்டி உதைத்தாள்.

தொப்பென்று தண்ணீருக்குள் போனதும் பாட்டு தொண்டை அடைத்தாற்போல் அமுங்கியது. எல்லோரும் திரும்பினார்கள். அந்த ஒரு இடைவெளி போதும் அவளுக்கு.

"டேய்! அறிவு கீதாடா உனக்கு? மூணரை அடி அது! தலைகீழா வுழுந்தா கழுத்து முறிஞ்சிரும்!"

மூன்று கட்டடத்துக்கும் கேட்டது. சுவர் மேல் நின்றவன் கூப்பிய கையோடு அப்படியே உறைந்தான்.

"மேடம்... என் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் பெயர் அறிவு. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குள் ஸ்பீக்கர் தண்ணீருக்கு மேலே மிதந்து வந்து, ஒன்றுமே நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து மறுபடி பாட ஆரம்பித்தது. தண்ணீருக்குத் தாங்கும் ரகம் போல. சிரிப்பு கரையெங்கும் பரவியது. நவ்ரீன் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னக்கா இது? வந்தவங்க முன்னாடி இப்படியா பண்ணுவீங்க?"

 தேவகிருபை சுற்றிப் போய், அறிவைக் கையைப் பிடித்து இறக்கி, "உள்ள இறங்கு, படி வழியா இறங்கு" என்றாள். அவன் இறங்கினான். தண்ணீர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. அவன் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான், திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. அதன் பிறகு அன்று அவன் கேக்கும் தின்னவில்லை.

மறுநாள் சாயங்காலம் சங்கக் கூட்டம். ஏஜென்சிக்குச் சொல்லி வேறு ஆளை அனுப்பச் சொல்வதா என்பதுதான் பேச்சு. சைமன் தொண்டையைச் செருமினார்.

"ஆபத்தைத் தடுத்தது சரி. ஆனா குடியிருக்கிறவங்க பொருளை உதைக்கிறது, வாடா போடான்னு கத்துறது... இதெல்லாம் ஒழுங்கு இல்லை. அறிவிப்புலயே போட்டிருக்கு."

தேவகிருபை கதவோரம் நின்றிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே பேசினாள்.

"சார், கத்துறது எனக்கு இன்னா ஆசையா? வூட்டுக்குப் போனா தொண்டை எரியுது. பாட்டு போடுங்க, வேணாங்கல. ஆனா ஒரு பக்கத்துலேர்ந்து கூப்ட்டா அந்தப் பக்கத்துல கீறவங்களுக்குக் கேக்கணும். அதான் அளவு. கேக்கலேன்னா நான் அங்க இருந்தும் ஒண்ணு, அந்த நாற்காலி இருந்தும் ஒண்ணு."

பின் வரிசையிலிருந்து திருமலை எழுந்தார்.

"புகார் கொடுத்தவன் நான். என் கடிதத்தைப் படிங்க சைமன்."

"சார், அது இப்ப எதுக்கு..."

"படிங்க."

சைமன் கோப்பைப் புரட்டிப் படித்தார். ஸ்பீக்கர் பற்றி இருந்தது. விசில் பற்றி இருந்தது. குரலைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

"ஒர்க்ஷாப்ல போன காது இது" என்றார் திருமலை, தன் காதைத் தொட்டு. "இருபத்துநாலு மணி நேரமும் உள்ளே ஒரு இரைச்சல். விசில் சத்தம் பட்டா ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். அதைத்தான் எழுதினேன். இந்த அம்மா குரல் என்னை ஒண்ணும் செய்யலை. அது கனமான குரல். உரக்கப் பேசக் கூடாதுன்னு அறிவிப்புல யார் சேர்த்தது?"

சைமன் பேனாவை மூடித் திறந்தார். கடைசியில் மெல்ல, "சில பேர் சொன்னாங்க சார். பேச்சு கொஞ்சம் லோக்கலா இருக்கு, பிள்ளைங்க பழகிக்கும்னு..." என்றார்.

தேவகிருபையின் கால் நின்றது. அவ்வளவு நேரம் ஆடிக்கொண்டிருந்த உடம்பு அசையாமல் போனது. "நான் பேசறது கலீஜா கீதுன்னு மூஞ்சிக்கி நேரா சொல்லிருக்கலாமே சார்" என்றாள். கோபமாக வரவேண்டிய குரல், அன்றைக்குப் பார்த்து மெதுவாகத்தான் வந்தது.

நவ்ரீன் தலையைக் குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, "ஸ்பீக்கருக்கு ஒண்ணும் ஆகலை. அக்காவை அனுப்ப வேணாம். தண்ணில ஆள் இருக்கும்போது இனி சத்தத்தைக் குறைச்சே வைக்கிறேன்" என்றாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. தேவகிருபையும் எதிர்பார்க்கவில்லை.

அறிவிப்பு மாறியது. கரையிலிருந்து கூப்பிட்டால் எதிர்க்கரைக்குக் கேட்கும் அளவில்தான் பாட்டு. பணியாளர்களைப் பற்றிய வரியே எடுக்கப்பட்டது. விசில் திரும்பி வந்தது. மூன்றரை அடி இருக்கும் பக்கம் தரையில் சிவப்பு வண்ணத்தில் பெரிதாக எழுதினார்கள்.

திருமலை நீந்தும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். குப்பை வாரும் வலைக்கம்பின் முனையால் இரும்பு ஏணியை இரண்டு தட்டு தட்டினால் தண்ணீருக்குள் மந்தமாகக் கேட்கும். முதல் நாள் காலை தட்டிப் பார்த்தாள். நடுக்குளத்தில் போய்க்கொண்டிருந்தவர் நின்று தலையைத் தூக்கினார்.

"கேக்குதா சார்?"

"ம். வலிக்கலை" என்றார். பிறகு, "ஏம்மா, நீங்க உட்காரவே மாட்டீங்களா? நானும் மூணு வருஷமா பாக்கறேன்" என்றார். மூன்று வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒக்காந்தா கண்ணுக்குத் தண்ணி மட்டும்தான் சார் தெரியுது."

ஒரு மாதம் கழித்து நவ்ரீன் வேறொரு யோசனையோடு வந்தாள். செவ்வாய், வெள்ளி வரும் பதினான்கு பெண்களில் பன்னிரண்டு பேருக்கு நீந்தவே தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு துள்ளுவதோடு சரி. "அக்கா, நீங்க கத்துக் குடுங்களேன்." தேவகிருபை ஒப்புக்கொண்டாள். இப்போது அந்த இரண்டு நாளும் பாட்டு கிடையாது, அவள் குரல்தான். "காலை ஒத! ஒத! முட்டிய மடக்காத மா! தலைய உள்ள வெய்யி, தண்ணி உன்னியத் துன்றாது!"

மூன்றாவது கட்டடத்திலிருந்து புதிதாக ஒரு புகார் வந்திருக்கிறது, நீச்சல் குளத்தில் ஒரு பெண்மணி ஓயாமல் கத்துகிறார் என்று. சைமன் அதை இன்னும் கூட்டத்தில் வைக்கவில்லை. ஏஜென்சி ஒப்பந்தம் ஆடி மாசத்தோடு முடிகிறது, புதுப்பிப்பார்களா என்று கேட்டால் பார்க்கலாம் என்கிறார். தேவகிருபை கரையில் நடக்கிறாள். பதினான்கு. பதினான்கு. பதின்மூன்று.

"யாருமா அது உள்ள போனது? மேல வா! நான் பாக்கணும், மேல வா!"