பட்டை அக்கா சொன்ன சேதி

டிவி திரையின் அடியில் ஓடும் சிவப்புப் பட்டைக்குச் செய்தி தட்டுவது அவள் வேலை. ஆகவே ஆசிரியர் முதல் துப்புரவு அம்மா வரை எல்லோருக்கும் அவள் பட்டை அக்கா. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரேக்கிங் நியூஸ் என்ற வார்த்தைக்கு இருந்த மவுசே தனி. ஓடுகிற நிகழ்ச்சியை உடைத்துக்கொண்டு வருவதால்தான் அந்தப் பெயர் என்று ஆசிரியர் வகுப்பே எடுப்பார். பாலம் இடிய வேண்டும், ஆட்சி கவிழ வேண்டும். அப்போதும் அவர் தலையாட்டினால்தான் பட்டை சிவக்கும்.

பிறகு போட்டிச் சேனல்கள் முளைத்தன. பட்டை ஒரு நொடியும் காலியாக இருக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அப்புறம் கேட்க வேண்டுமா? நடிகை முடி வெட்டினாலும் பிரேக்கிங், அமைச்சர் தும்மினாலும் பிரேக்கிங். அவள் அம்மா பால் பொங்கியதைக்கூட அடுப்படியிலிருந்து பிரேக்கிங் நியூஸ் என்று அறிவிக்கும் அளவுக்கு வார்த்தை சீரழிந்தது.

அவள் வாழ்க்கையில் மட்டும் நாற்பதை நெருங்கியும் ஒரு சேதியும் இல்லை. கடைசியில் ஒருநாள் வந்தது, டீ மெஷின் அருகே. ஒலி மேசையில் உட்காரும் சவுண்டு என்பவர், தன்னைக் கட்டிக்கொள்ள இஷ்டமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் ஓடிப்போனார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் ஊர்ச்சேதியெல்லாம் சொல்பவளுக்குத் தன் சேதியைச் சொல்ல நா எழவில்லை. நாள்கணக்கில் பதில் வராமல் அவர் மனம் வெறுத்து, வெளியூர்ச் சேனலில் சேர அன்று மாலை கையெழுத்துப் போடப்போகிறாராம். துப்புரவு அம்மா காதில் போட்டுவிட்டுப் போனார்.

தினமும் மதியச் செய்திக்கு முன் எழுத்து சரியாக விழுகிறதா என்று ஒரு சோதனை வரி தட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று இருந்த படபடப்பில் விரல் தானாகத் தட்டியது: ‘சவுண்டுக்குச் சம்மதம் சொன்னார் பட்டை அக்கா.’ தட்டியவள் சோதனைப் பொத்தானை விட்டுவிட்டு ஒளிபரப்புப் பொத்தானை அழுத்தித் தொலைத்தாள்.

அமைச்சரின் நேரடிப் பேட்டிக்குக் கீழே, ஊர் உலகம் பார்க்க, அவள் மனசு சிவப்பில் ஓடியது. வேலை போச்சு என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒரு போன்கூட வரவில்லை. ஆசிரியரே அதை அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, ஏதோ சினிமா ஜோடி போல என்று கொட்டாவி விட்டார்.

திடீரென்று அமைச்சரின் வாய் மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை. ஒலி அறைக் கதவு திறந்தது. எல்லாக் குமிழ்களையும் இறக்கிவிட்டு சவுண்டு ஓடி வந்து அவள் முன்னால் மூச்சு வாங்கினார்.

“அது டெஸ்ட்டா, நிஜமா?”

“நிஜம்தான். முதல்ல போய் சத்தத்த போடுங்க.”

போகாமல் சிரித்துக்கொண்டே நின்றார். திட்ட வந்த ஆசிரியர் ஊமை அமைச்சரைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். எத்தனை வருடமாயிற்று அவர் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து!

“நிகழ்ச்சியே நின்னுபோச்சு,” என்றார். “இதுதான்மா பிரேக்கிங் நியூஸ்.”