குளிரை நம்பியவர்கள்

குளிருக்கு விலக்குப் பெற்ற மனிதர் எவருமில்லை என்று எங்கள் வீட்டில் அந்நாளில் நம்பினோம். நானும் என் கணவரும் மதுரைக்குத் தெற்கே பிறந்தவர்கள். மணமானபின் வளைகுடாத் தீவொன்றின் தலைநகரான மனாமாவுக்கு வந்து, அங்கே குதைபியா என்ற பகுதியில் குடியிருந்தவர்கள். வெயிலுக்கு உடம்பு பழகிவிடும், குளிருக்குப் பழகாது, கணப்பு எரியாத வீட்டில் வெள்ளைக்காரர் விடியுமுன் விறைத்துப்போவார் என்பதே எங்கள் எண்ணம். பனியை நாட்காட்டிப் படங்களில் மட்டுமே பார்த்திருந்தோம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எண்ணெய் விலை ஏறியபின் தீவு முழுவதும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. என் கணவர் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கர். அதே அலுவலகத்தில் அவருக்கு மூத்தவராக இருந்த திண்டுக்கல்காரர் எங்கள் வீட்டுக்கு மேல்தளத்தில் குடியிருந்தார். அவரை நான் அண்ணன் என்றும் அவர் மனைவியை மதினி என்றும் அழைத்தேன். உறவென்று வேறு எவரும் இல்லாத ஊரில் அவர்களே எங்களுக்கு உறவு.

அண்ணனுக்கு ஒரு தரகர் பழக்கமாகியிருந்தார். ஐரோப்பாவில் வீடுகளைச் சூடாக்க எரிக்கும் எண்ணெயைக் கோடையில் மலிவாக வாங்குவது, வாடகைத் தொட்டிகளில் தேக்கிவைப்பது, குளிர்காலத்தில் விற்பது என்பது அவருடைய திட்டம். அதைப் பரிந்துரைத்துத் தட்டச்சில் நாலைந்து தாள்களும் கொடுத்திருந்தார். சேமிப்பை முதலாகப் போட்டால் மட்டும் போதாது. அண்ணனும் என் கணவரும் வேலையை விட்டுவிட்டு அவருக்கு வளைகுடா முகவர்களாகவும் ஆக வேண்டும். நான் தயங்கியது அங்கேதான். எங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்றிருந்த உள்ளூர்க்காரர், அதாவது கஃபீல், கணவருடைய நிறுவனத்தின் முதலாளி. வேலையை விட்டால் அந்தப் பொறுப்பு முடிந்தது. நான்கு வயது மகளோடு நாங்கள் தீவை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். புதிய கஃபீலைத் தரகர் பார்த்துத் தருவார் என்றார்கள். ராஜினாமாவுக்குப் பிறகு!

ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்குப்பின், அண்ணனும் மதினியும் கீழே வந்தார்கள். ஆகஸ்ட் மாதம். ஏசி இருந்தது படுக்கையறையில் மட்டும். ஆகவே விருந்தாளியும் அங்கேதான் உட்காருவது வழக்கம். ஆண்கள் கட்டிலிலும் நாங்கள் பாயிலுமாக இருந்தோம். மகள் மூலையில் உறங்கினாள்.

"யோசிச்சுப் பாரு தங்கச்சி," என்றார் அண்ணன். "சோறு இல்லாம ஒரு நாள் கெடந்துருவான். சூடு இல்லாம ஒரு ராத்திரி கெடப்பானா வெள்ளக்காரன்?"

நான் தாள்களை இருமுறை படித்திருந்தேன். "போன வருஷம் ஒரு வீட்டுல எவ்வளவு எரிச்சாங்களோ, அதே அளவு இனிமேயும் எரிப்பாங்கன்னு போட்டிருக்குண்ணே. விலை இவ்வளவு ஏறினப்புறமும் அதே அளவா?"

"வேற என்ன செய்வான்? ஐஸாப் போயிருவானா?"

கணவர் சிரித்தார். "பொட்டலம் கட்டின பேப்பரைக்கூட ஒரு வரி விடாமப் படிக்கிறவ அண்ணே இவ."

"அப்ப நம்ம கம்பெனிக்கு ஆடிட்டராப் போட்டுருவோம் தம்பி. சம்பளம் மாசம் ஒரு கிலோ பேரீச்சம்பழம்."

நானும் சிரித்தேன். பிறகு தாள்களைப் பாயில் வைத்துவிட்டுக் கேட்டேன். "விக்காமத் தேங்கிட்டா தொட்டி வாடகையை யாருண்ணே கட்டுறது?"

"தேங்காதும்மா."

"சரி, ஒண்ணு கேக்கறேன். நாம எல்லாரும் இப்ப ஏன் இந்த ஒரு ரூம்ல நெருக்கிட்டு உக்காந்திருக்கோம்?"

அண்ணன் நிமிர்ந்து ஏசியைப் பார்த்தார். கரண்ட் கட்டணம் கையைக் கடித்ததிலிருந்து குதைபியாவில் எங்களைப் போன்ற குடும்பங்கள் கோடை முழுவதும் ஒரே அறையில்தான் உண்டு, உறங்கி, விருந்தாளியை உபசரித்து வாழ்ந்தன. அண்ணன் வீட்டிலும் அப்படித்தான்.

"வெயில் கொறஞ்சா போச்சு? கரண்டை நாமதான கொறைச்சுக்கிட்டோம்," என்றேன்.

"அது நம்ம பவிசு. கஞ்சப் பயலுக நாம. அவன் எதுக்குக் கஞ்சத்தனம் பண்றான்?"

அதுவரை வாய் திறவாத மதினி, "ரெண்டு கம்பளியைச் சேத்துப் போத்திக்கிட்டா ஆகாதாக்கும்?" என்றார்.

"நீ ஒருத்திதான் பாக்கி," என்று எழுந்தார் அண்ணன். "தம்பி, நாளைக்குக் காலையில ராஜினாமா லெட்டரைக் குடுத்துருவோம். கலாஸ், முடிஞ்சுது பேச்சு."

அவர்கள் மேலே போனபின் கணவர் பாயைச் சுருட்டினார். "அண்ணன் முன்னாடி அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்," என்றார். அவ்வளவுதான். இன்னும் ஒரு சொல் கூடினால் வீம்புக்காகவே ராஜினாமாவைக் கொடுத்துவிடுவார் என்று பயந்தேன். மறுநாள் அவர் டூட்டிக்குக் கிளம்பியபின் உலை வைக்கக்கூட மனம் ஓடவில்லை. மகளின் துணிகளை எடுத்து மடித்தேன். மடித்தவற்றை உதறி மறுபடி மடித்தேன். ஊருக்குத் திரும்பினால் எவர் வீட்டில், எத்தனை நாள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வாசலில் காலடி கேட்டபோதெல்லாம் அவர்தானோ என்று அஞ்சினேன்.

மதியம் வந்தார். சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குடுக்கலை," என்றார். "நீ கேட்டதையே போன்ல தரகர்கிட்ட கேட்டேன். ஒவ்வொரு வீட்டுலயும் அதே அளவு எரிப்பாங்கன்னு எதை வச்சுச் சொல்றீங்கன்னு. குளிர்காலம் வருஷா வருஷம் வரும்கறார். நான் கேட்டது அதில்லையே."

"அண்ணன்?"

"குடுத்துட்டார்."

பயம் தீர்ந்தது என்றே நினைத்தேன். அது இடம்தான் மாறியது. அண்ணனுக்குப் புதிய கஃபீல் கிடைத்தார். முதல் குளிர்காலத்தில் எண்ணெய் நல்ல விலைக்கு விற்றது. அண்ணன் கார் வாங்கினார். என் கணவர் பேருந்துக்குக் காத்து நிற்கையில் அந்தக் கார் அவரைக் கடந்துபோகும். சில நாள் நின்று ஏற்றிக்கொள்ளும். அதுபற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மனிதனுடைய நல்ல காலத்தை என் ஒரு கேள்வியால் தட்டிப் பறித்துவிட்டேனோ என்ற நடுக்கம் ஓராண்டுக்கு மேல் என்னை விடவில்லை. உறங்கும் அவர் முகத்தைப் பார்க்கவும் பயந்தேன்.

அடுத்த குளிர்காலத்தில் எண்ணெய் தொட்டியிலேயே நின்றது. அங்கே மக்கள் எரிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள், பலர் எரிவாயுவுக்கு மாறினார்கள் என்று தரகர் கடைசியாகச் சொன்னாராம். தொட்டி வாடகை போட்ட பணத்தைத் தின்றது. பிறகு தரகரின் தொலைபேசியை எவரும் எடுக்கவில்லை. புதிய கஃபீல் அண்ணனின் விசாவை ரத்துசெய்தார். நாங்கள் சரியாகச் சொன்னோம் என்ற எண்ணம் எங்கள் வீட்டில் எவருக்கும் இனிக்கவில்லை. கணவர் இரண்டுமுறை மேலே போனார். இரண்டுமுறையும் கதவைத் தட்டாமல் திரும்பி வந்தார்.

அவர்கள் ஊருக்குப் புறப்படும் நாளில் மதினி மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகளைத் தூக்கி முத்தமிட்டார்.

"அவுக வரமாட்டாக," என்றார். "உங்க வீட்டுக்காரரைப் பாத்தா அழுதுருவாக. அதுக்குப் பயந்துக்கிட்டு கார்லயே உக்காந்திருக்காக."

என் கணவர் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினார். தெருவில் இருவரும் என்ன பேசினார்கள் என்று அவர் பிற்பாடும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அண்ணன் ஊருக்குப் போன சில ஆண்டுகளில் இறந்தார். என் கணவர் ஓய்வுபெற்றபின் இறந்தார். மகள் கடல் கடந்து, உண்மையாகவே பனி பெய்யும் ஊரில் இருக்கிறாள். மதினி திண்டுக்கல்லில் இருக்கிறார். நான் மதுரையில் இருக்கிறேன்.