ஏழு முப்பத்தைந்து பஸ்ஸின் வரைபு

கிலோமீற்றர் கல் ஒன்று யன்னலைக் கடக்கிறது. புஸ்பராணி கைக்கடிகாரத்தைப் பார்த்து, மடியில் விரித்த வரைபுத்தாளில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறார். கிடையில் நேரம், நிலைக்குத்தில் நிலாவெளியிலிருந்து பஸ் வந்த தூரம். புள்ளிகளை அளவுகோல் வைக்காமல் வெறுங்கையால் இணைக்கிறார். "பஸ் குலுக்கிற குலுக்கலில அடிமட்டம் எதுக்கு?"

வயது ஐம்பத்திரண்டு. திருகோணமலை நகரில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். எட்டரைக்கு அங்கே வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழும். இந்த மாதம் இரண்டு தரம் அதற்குக் கீழே கையெழுத்திட்டுவிட்டார். மூன்றாவது தரம் அரைநாள் லீவு போகும். பஸ் பிந்தியது என்றால் நிர்வாக உத்தியோகத்தர் நம்புவதில்லை. ஆகவே ஆதாரம் சேர்க்கிறார். சோற்றுப் பார்சலோடு பதினான்கு தாள்கள் கைப்பையில் கிடக்கின்றன. "மஞ்சள் புள்ளியக் கணக்கெடுக்காதேங்கோ. அது பருப்பு."

பதினைந்தாவது நாளான செவ்வாய்க்கிழமை நடத்துனர் இஹ்ஸான் தாளை எட்டிப் பார்த்தார். "இவ்வளவு மலை எங்க அக்கா? எங்கட ரோட்டு சப்பையாத்தானே கிடக்கு."

"இது ரோட்டு இல்ல தம்பி, உங்கட ஓட்டம். கோடு நிமிர்ந்தா ஓடுறீங்கள். படுத்தா நிக்கிறீங்கள்."

சல்லிச் சந்தியில் கோடு தினமும் ஒன்பது நிமிடம் படுக்கிறது. சாரதி வினோதன் மீன் வாங்கும் நேரம் அது. அன்றும் இறங்கி, ஒரு பாரைக் குட்டியின் செவுளைக் கிளப்பிக்கொண்டிருந்தார். புஸ்பராணி தாளை யன்னலுக்கு வெளியே நீட்டினார்.

"பதினாலு நாளும் இந்த இடத்தில படுத்திருக்கு. இண்டைக்கும் படுத்தா என்ர லீவு போயிரும்."

வினோதன் அந்தக் கிடைக்கோட்டை விரலால் அளந்தார். "இவ்வளவு நேரமா நிக்கிறனான்?" மீனை வைத்துவிட்டு ஏறினார்.

பிறகு பஸ் பறந்தது. பின் இருக்கையில் யாரோ கடவுளைக் கூப்பிட்டார். "இப்பிடிச் செங்குத்தா ஒரு படித்திறன் நான் கண்டதேயில்லை," என்றார் புஸ்பராணி. குனிந்த தலை நிமிரவில்லை. எட்டு இருபத்தொன்றுக்கு பஸ் அவருடைய அலுவலக வாசலில் நின்று புறப்பட்டது. அதையும் சின்னக் கிடைக்கோடாகக் குறித்துக்கொண்டார்.

பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு இஹ்ஸான் கேட்டார்: "அக்கா, உங்கட கந்தோர் அங்காலயெல்லோ?"

சேலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். எட்டு முப்பத்திரண்டு. சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்திட்டார்.

"இண்டைக்கும் பஸ்ஸோ?" என்றார் நிர்வாக உத்தியோகத்தர்.

புஸ்பராணி தாளை அவருடைய மேசையில் விரித்தார். பஸ் நிலையத்துப் புள்ளியிலிருந்து கந்தோர்வரை கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தார். அந்தத் துண்டின்மேல் தன் பெயரை எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.