காய்ச்சல் செட்டு

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. ராஜபாளையம் தென்காசி ரோட்டில் எங்களுக்கு ஒரு மெடிக்கல் ஷாப் இருந்தது. மருந்துப் படிப்புப் படித்தவர் என் கணவர். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். ஆனால் அவர் சரக்கு எடுக்க மதுரைக்குப் போகும் நாட்களில் கவுண்டரில் நிற்பது நான்தான். நாலைந்து வருடத்தில் மாத்திரைப் பெயரெல்லாம் எனக்கு அத்துப்படி. அக்கம்பக்கத்துப் பெண்கள் முதலில் கேலியாக 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டார்கள். போகப்போக அந்தக் கேலியும் போய், நிஜமாகவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த நாளில் எங்கள் பக்கத்துக் கடைகளில் 'செட்டு' என்று ஒன்று உண்டு. காய்ச்சல் என்று வந்து நிற்பவர்களிடம் டாக்டர் சீட்டெல்லாம் கேட்க மாட்டோம். அட்டையிலிருந்து கத்தரித்த மாத்திரைகளைச் சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவோம். சூடு தணிய ஒன்று, சத்துக்கு ஒன்று, ஒருவேளை மலேரியாவாக இருந்துவிட்டால் என்று குளோரோகுயின் ஒன்று. காலையில் ஒரு செட்டு, ராத்திரிக்கு ஒரு செட்டு. மலேரியாவுக்கு அந்த மாத்திரையைக் கொடுப்பதென்றால் மூன்று நாளும் முழு அளவில் கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்தது அதில் கால்வாசிகூட வராது. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். ஆனால் செட்டுப் போட்டவர்கள் மறுநாள் எழுந்து வேலைக்குப் போனார்கள். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

சேத்தூரிலிருந்து ஒரு பெண் வாடிக்கையாக வருவாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கையில் எப்போதும் ஒரு பெண் குழந்தை. அவள் கணவர் ஸ்பின்னிங் மில் ஃபிட்டர். ஒரு கான்ட்ராக்டரோடு அஸ்ஸாமுக்குப் போய், அங்கே கட்டிக்கொண்டிருந்த புது மில்லில் மிஷின் மாட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. அந்தப் பக்கம் மலேரியா அதிகம் என்று சொல்லி, கிளம்பும் முன்பே தடுப்பு மாத்திரை வாங்க இருவரும் வந்தார்கள். அதே குளோரோகுயின்தான். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை போட வேண்டும்.

"ஞாயித்துக்கெழம கறி எடுக்க மறந்தாலும் இத மறக்கக் கூடாது" என்றேன்.

"கறி கெடைக்குமோ என்னமோ, கசப்பு நிச்சயம்" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஏழெட்டு மாதம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் பார்க்க அவர் லீவு போட்டு வந்தார். வந்த நாலாவது நாள் காய்ச்சல், குளிர். அவள் கடைக்கு வந்தாள். நான் செட்டுக் கொடுத்தேன். மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. மனிதர் தேர் வடத்தைப் பிடித்து இழுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாராம்.

இரண்டு நாள் போனதும் திரும்ப வந்தாள். இந்தத் தடவை முகம் வாடியிருந்தது.

"அக்கா, ரெண்டு போர்வ போத்தியும் நடுக்கம் நிக்கல. ஊர்ல ஆஸ்பத்திரிக்காரவுக வந்தாக, விரல்ல குத்தி ரத்தம் எடுக்கவான்னு கேட்டாக. எடுத்துப் பாக்கவாக்கா?"

நான் செட்டுக் கட்டிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னேன். "ஞாயித்துக்கெழம தவறாம மாத்திர போட்டுக்கிட்டுதான இருந்தாரு? பொறவு அவருக்கு எப்படி மலேரியா வரும்? இது அலைச்சல் காய்ச்சல். நீ ஏம்மா பயப்படுத?"

அவள் முகம் தெளிந்தது. டாக்டரம்மா சொல்லிவிட்டேன் அல்லவா! நான் கொடுத்த தைரியத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். அந்த செட்டிலும் காய்ச்சல் ஒரு நாள் அடங்கியது. மூன்றாவது முறை வேறு யாரையோ அனுப்பினாள். மூன்றாவது செட்டையும் கொடுத்தனுப்பினேன்.

அதற்கு மறுநாள் காலையில் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. நினைவில்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்க, கடையில் கேட்டு வர ஓர் ஆளை அனுப்பியிருந்தார்கள். என் கணவர் ஊரில் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு மாத்திரை அட்டையோடு நானே போனேன். அங்கே ரத்தம் சோதித்து, மூளையைத் தாக்குகிற மலேரியா என்று கண்டுபிடித்து, வேறு மருந்தை டிரிப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மதுரைக்கு அனுப்ப வண்டியும் தயாராக நின்றது.

டாக்டர் அட்டையைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தப் பக்கத்து மலேரியா இந்த மாத்திரைக்குக் கட்டுப்படுறதில்லம்மா. தடுப்புக்குப் போட்டாலும் வரும். எல்லாரும் எல்லாக் காய்ச்சலுக்கும் அரையும் குறையுமாக் குடுத்துக் குடுத்து, இந்த மருந்தத் தாங்கிக்க அந்தக் கிருமியப் பழக்கிவிட்டுட்டோம். இவருக்கும் நீங்க காய்ச்சல அமுக்கி வச்சீங்களே தவிர, நோய் உள்ளுக்குள்ள வளந்துக்கிட்டே இருந்திருக்கு. முதல்லயே ரத்தம் எடுத்துப் பாத்திருந்தா..." என்றவர், அவள் வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதுரையில் அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்க சேத்தூர் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சுற்றியிருந்தவர்களிடம், "இந்த அக்கா மூணு தடவ மாத்திர குடுத்தாக. ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தாக. எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல" என்றாள். எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா எனக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்தார். நான் உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்று நெஞ்சு வரை வந்தது, வாய்க்கு வரவில்லை.

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னேன். "வெளிய வாயத் தொறந்துறாத. கடை லைசென்ஸ் போயிரும்" என்றார். அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். அவர் மீது பழி போடவில்லை. அப்படி யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் நானும் காத்திருந்தேன். செட்டிலிருந்து குளோரோகுயினை மட்டும் எடுத்துவிட்டேன். செட்டுக் கட்டுவதை நிறுத்தவில்லை.

கார்த்திகை மழையில் ஒரு நாள் அவள் வந்தாள். தோளில் அந்தப் பெண் குழந்தை, சுருண்டு கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது.

"அக்கா, அவியளுக்குக் குடுத்தீகளே, அந்த செட்டே குடுங்க. அது போட்டா ஒரு நாளாவது கேட்டுச்சுல்ல" என்றாள்.

அவள் என் மீது வைத்திருந்த நம்பிக்கை இன்னும் அப்படியே இருந்தது. அதே நம்பிக்கையில் குழந்தையையும் கொண்டுவந்து நிற்கிறாள். கணவர் கடைக்குள்தான் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, அவள் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் கொடுத்த மாத்திரை கால்வாசி அளவுகூட இல்லை என்பதை, அது நோயை மறைத்துவிட்டதை, டாக்டர் சொன்னதை, சாவு வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை. ஒன்றையும் விடவில்லை.

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையின் தலையைச் சேலையால் மூடினாள். மெதுவாகச் சொன்னாள்.

"நான் கேட்டேனேக்கா. ரத்தம் எடுத்துப் பாக்கவான்னு உங்ககிட்ட கேட்டேனே."

அவ்வளவுதான். திரும்பி மழையில் நடந்தாள். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் குழந்தையின் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். சாதாரணச் சளிக் காய்ச்சல்தான் என்றார்கள். அவள் அப்போதுதான் அழுதாள். ஆறுதலாகத் தொட என் கை நீண்டது, பாதியில் மடக்கிக்கொண்டேன். அதன் பிறகு அவள் எங்கள் கடைக்கு வரவேயில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி எதிர்ச்சாரியில் நடந்து போவாள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே காகிதக் கவர்களை எல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டேன். கணவர் தடுக்கவில்லை. செட்டு இல்லை என்றதும் அடுத்த கடைக்குப் போனவர்கள் உண்டு, திட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. டாக்டரம்மா என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. காய்ச்சல் என்று யார் வந்து நின்றாலும், அவள் என்னிடம் கேட்டபோது தலையை நிமிர்த்திச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு பதிலை, "முதல்ல ரத்தம் எடுத்துப் பாரும்மா" என்பதை, முகம் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்; ஆனால் அது போய்ச் சேர வேண்டியவளுக்கு இனி ஒருநாளும் போய்ச் சேரப்போவதில்லை.