இரண்டு ஆழாக்கு அரிசி

உத்தமபாளையத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியையாக இருந்தாள் அருள்செல்வி. அவள் காலை ஒன்பது பத்துக்கு விசில் ஊதினால் தொள்ளாயிரம் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பள்ளியின் த்ரோபால் அணி அவள் காலத்தில் ஐந்து முறை மாவட்டப் போட்டிக்குப் போனது. மற்ற ஆசிரியைகள் சேலையில் வரும் பள்ளியில் டி-ஷர்ட்டும் ட்ராக் பேன்ட்டுமாக வர அனுமதி பெற்றிருந்தவள் அவள் ஒருத்திதான்.

2022 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை, மதுரையில் ஒரு மருத்துவமனையில் அவளுடைய வலது மார்பை எடுத்தார்கள். அப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. பிறகு ஆறு முறை மருந்து ஏற்றினார்கள்; இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு வைத்தார்கள். அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது வலது பக்கத்தில் ஸ்பாஞ்சு வைத்த உள்ளாடையோடு அவள் மைதானத்துக்கு வந்துவிட்டாள்.

ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை. கையை வீசி நடந்து காட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஸ்பாஞ்சு நழுவிக் கழுத்தெலும்பின் கீழ் வந்து நின்றது. அவளுக்கே தெரியவில்லை. முன்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேர் சிரிக்காமல் நின்றதைக் கண்டுதான் அவள் குனிந்து பார்த்தாள்.

தலைமையாசிரியை யுவராணி அன்று மாலையே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"கொஞ்ச நாளைக்கு லைப்ரரியப் பாத்துக்கங்க டீச்சர். தற்காலிகமா ஒரு பிள்ளையப் போட்டுக்கிறேன். உடம்பு தேறுனதும் சொல்லுங்க. கிரவுண்டு எங்கயும் போயிறாது."

தற்காலிகமாக வந்தவள் திரிஷா. இருபத்தாறு வயது, நல்ல பிள்ளை. விசிலை வாங்கிக்கொள்ளவே கூச்சப்பட்டாள்.

நூலகத்தில் மூவாயிரத்து இருநூறு புத்தகங்கள் இருந்தன. அருள்செல்வி சேலை கட்டி, முந்தானையை வலத் தோளின் மேலும் இழுத்துப் போர்த்திக்கொண்டு அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்தாள். டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓடினால் எதுவும் நழுவக் கூடாது. இந்த இரண்டும் கிடைத்தால் மைதானம் கிடைத்துவிடும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

அதற்காக மார்பைத் திரும்பச் செய்துகொள்ள முடியுமா என்று மதுரைக்குப் போய்க் கேட்டாள். அறுவை மருத்துவர் தமிழ்மாறன் முதலில் சொன்ன வழி வேறு. கதிர்வீச்சு பட்ட தோல் நம்பத்தக்கதல்ல, முதுகுச் சதையைத் திருப்பிக் கொண்டுவந்து மார்பு செய்வதுதான் பத்திரம் என்றார்.

"அந்தச் சதையிலதான சார் நான் பந்து எறியுறேன்?" என்றாள் அருள்செல்வி.

தமிழ்மாறன் தாளில் படம் போட்டுக் காட்டினார். "அப்ப சிலிக்கான் பைதான் வைக்கணும். முதல்ல நெஞ்சுச் சதைக்கு அடியில ஒரு வெறும் பையை வச்சு, உப்புத்தண்ணி ஏத்தி, தோலை விரிக்கணும். அப்புறம் அதை எடுத்துட்டு சிலிக்கான். ஆனா ஒரு தடவைதான் அந்தத் தோல் தாங்கும். மறுபடி திறக்கணும்னா நான் தைரியம் சொல்ல மாட்டேன். அதனால அளவை இப்பவே யோசிச்சு வையுங்க."

"அளவு எப்படி சார் தெரியும்?"

"மெல்லிசான துணியில பை தைச்சு, அரிசி போட்டு, அந்தப் பக்கம் வச்சுப் பாருங்க. கூட்டிக் குறைச்சு, ரெண்டு பக்கமும் சரியா வந்ததும் பத்துப் பன்னிரண்டு நாள் போட்டுக்கிட்டு நடமாடுங்க. பிடிச்சிருந்தா அந்த அரிசி எத்தனை மில்லின்னு சொல்லுங்க. நானும் அளந்திருக்கேன். முந்நூறுல இருந்து நானூறுக்குள்ள எதுன்னாலும் வைக்கலாம். அதுக்குள்ள எதுங்கிறது உங்க இஷ்டம்."

2024 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து வீட்டில் இருந்த மூன்று பேரும் அடுப்பங்கரையில் கூடினார்கள். கணவன் ஜஸ்டின் உரக்கடையில் வேலை பார்க்கிறவன். கடையில் பூச்சிமருந்து கலந்து காட்டும் கோடு போட்ட ஜாடியை, புதிதாக ஒன்று பிரித்து, கழுவி எடுத்து வந்திருந்தான். எவர்சில்வர் ஆழாக்கில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அதை ஜாடியில் கவிழ்த்துப் பார்த்தான். நூற்று அறுபத்தெட்டு. மூன்று தடவை ஊற்றினான். மூன்று தடவையும் அதேதான்.

"ஆழாக்குக்கு நூத்தி அறுபத்தெட்டு. இனி நீங்க எத்தனை ஆழாக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்று கூடத்துக்குப் போய்விட்டான்.

மாமியார் வியாகுலமேரி அரிசி அளந்தாள். அளப்பது எப்போதும் அவள் வேலை. ஒரு ஆழாக்குப் போட்டார்கள், காணவில்லை. ஒன்றரை, இன்னும் கொஞ்சம். இரண்டாவது ஆழாக்கு முழுவதும் விழுந்ததும் அருள்செல்வி பழைய டி-ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன் போய் நின்றாள். சரியாக இருந்தது.

"எங்க, திரும்பு பாப்போம்" என்றாள் வியாகுலமேரி. "ம். அளவெடுத்து ஊத்துன மாதிரி இருக்கு. ஏ ஆத்தா, மழை கிழையில நனைஞ்சுறாத. பொங்கிரும்."

"சும்மா இருங்கத்தை. சிரிச்சா வலிக்குது." அருள்செல்வி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ரெண்டு ஆழாக்கும் சரியா அளந்தீகளா?"

"நல்லாக் கேட்ட போ. குமிச்சு அளந்திருக்கேன். தலையத் தட்டி அளக்க இதென்ன ரேசன் கடையா?"

அடுப்பங்கரையில் இருந்த இரண்டு பெண்களுக்கும் அந்தப் பேச்சில் பிசகு ஒன்றும் தெரியவில்லை. அந்த வீட்டில் ஆழாக்கு என்றால் கூம்பாக நிற்கிற அரிசிதான். கூடத்தில் இருந்தவன் காதில் அது விழவில்லை. தண்ணீர் விளிம்போடு நின்றுவிடும், அரிசி நிற்காது என்பதை மூவரும் அறிவார்கள். அன்று ஒருவரும் நினைக்கவில்லை.

பன்னிரண்டு நாள் அந்த அரிசியோடு நடமாடினாள். பொங்கலுக்குப் பெரியகுளத்துக்குப் போய்வந்தாள். ஒரு மாலை ஆளில்லாத மைதானத்தில் இரண்டு சுற்று ஓடியும் பார்த்தாள். ஜனவரி 24 அன்று மருத்துவர் கேட்டபோது, "முந்நூத்தி முப்பத்தாறு சார்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 7 அன்று வெறும் பையை வைத்தார்கள். அப்போதே அதில் நூறு மில்லி விட்டார்கள். பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு புதன்கிழமை ஐம்பது ஐம்பதாக ஆறு தடவை. காலை ஐந்தே கால் பேருந்தில் போய், ஊசி வழியாக உப்புநீர் ஏற்றிக்கொண்டு, மத்தியானப் பேருந்தில் திரும்புவாள். ஆண்டிபட்டி தாண்டி ஒவ்வொரு வேகத்தடைக்கும் துண்டைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். மே 8, கடைசி ஊசி. நானூறு.

அன்று மருத்துவமனைக் கண்ணாடியில் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தன. தமிழ்மாறன் பின்னால் நின்றார்.

"இதைப் பாத்து முடிவு பண்ண வேண்டாம். இது தோலை விரிக்க வச்சது, மேல தூக்கி விறைச்சுக்கிட்டு நிக்கும். சிலிக்கான்ல முந்நூத்தி முப்பத்தஞ்சு இருக்கு. நீங்க சொன்னதுக்குக் கிட்டத்துல. அதுக்கு அடுத்தது முந்நூத்தித் தொண்ணூறு. சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லுங்க. ரெண்டையும் வரவழைச்சிருவேன்."

கண்ணாடி ஒன்று சொன்னது, அளந்த எண் ஒன்று சொன்னது. மைதானத்தில் கோடு போட்டுப் பழகியவள் அவள். கண் ஏமாற்றும், நாடா ஏமாற்றாது என்று பிள்ளைகளிடம் நூறு முறை சொல்லியிருக்கிறாள்.

"இல்ல சார். அது அளந்து பாத்தது" என்றாள்.

ஜூலை 31 அன்று சிலிக்கான் பையை வைத்தார்கள்.

வீக்கம் வடிய மூன்று மாதம் ஆகும் என்றார்கள். வடிய வடிய வலது பக்கம் சிறுத்துக்கொண்டே வந்தது. வடிந்து முடிந்தும் அது சிறியதாகவே இருந்தது.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலயே" என்றான் ஜஸ்டின்.

"நீங்க பாக்கவே இல்லயே. சொவரப் பாத்துல்ல சொல்றீக."



நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. அருள்செல்வி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வியாகுலமேரி உலைக்கு அரிசி அளந்தாள். ஆழாக்கின் மேல் கூம்பாக நின்ற அரிசியிலிருந்து நாலைந்து மணி தரையில் உருண்டது. அருள்செல்வி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, அதக் கொஞ்சம் குடுங்க."

ஆழாக்கைத் தட்டில் வைத்துக் கத்தியின் முதுகால் விளிம்போடு வழித்தாள். வழிந்த அரிசியை அள்ளி ஜஸ்டினின் ஜாடியில் போட்டாள். இருபத்தெட்டு. இன்னொரு ஆழாக்கைக் குவித்து வழித்தாள். இருபத்தெட்டு. ஆக, அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் சுமந்தது முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. உள்ளே இருப்பது முந்நூற்று முப்பத்தைந்து.

ஜஸ்டின் வாசற்படியில் நின்று ஜாடியைப் பார்த்தான். "நான் தண்ணியிலதான அளந்தேன்" என்றான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"அப்ப நாந்தான் கெடுத்துட்டனா?" என்றாள் வியாகுலமேரி.

"நீங்க இல்லத்தை. நாந்தான் கேட்டுட்டும் யோசிக்காம விட்டேன்."

மறுநாளிலிருந்து வியாகுலமேரி ஒவ்வொரு ஆழாக்கையும் கத்தியால் வழித்து அளக்கத் தொடங்கினாள். விடியற்காலையில் அந்தக் கரகரப்புச் சத்தம் படுக்கையறை வரை கேட்டது. 

டிசம்பர் 11 அன்று தமிழ்மாறன் முழுவதையும் கேட்டார். அரிசி குவிந்ததைக் கேட்டபோது கண்களை மூடித் திறந்தார். பிறகு வலது பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"உள்ள பையைச் சுத்தி ஒரு சவ்வு இறுகுது. கதிர்வீச்சு பட்ட இடத்துல இப்படி ஆகும். இன்னும் கொஞ்சம் கெட்டிப்படும், மேல ஏறும். இப்ப திறந்து பெரிசு வச்சா தோல் மூடாமப் போகலாம். மூடலன்னா எல்லாத்தையும் எடுத்துட வேண்டியதுதான்."

"வேற வழி இல்லயா சார்?"

"இடது பக்கத்தைக் குறைச்சு இதோட சேர்க்கலாம். ஆனா நோய் திரும்பாம இருக்க நீங்க போடுற மாத்திரையில எடை கூடுது. இப்பவே அறுபத்தொண்ணுல இருந்து அறுபத்தேழு. அந்தப் பக்கம் உங்களோட சேர்ந்து பெருக்கும், இளைக்கும். இந்தப் பக்கம் அப்படியே இருக்கும். இன்னிக்குச் சமம் பண்ணினாலும் அடுத்த வருஷம் எப்படி இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"அதத் தொட வேண்டாம் சார். நல்லா இருக்கறது அது ஒண்ணுதான்" என்றாள்.

உள்ளாடையின் வலது பக்கத்தில் அரை அங்குல ஸ்பாஞ்சை வைத்து, இந்த முறை நான்கு ஓரமும் தைத்துக்கொண்டாள். ஒரு அளவு பெரிய டி-ஷர்ட் வாங்கினாள். கண்ணாடி முன் அசையாமல் நின்றால் தேறியது. யுவராணியிடம் போய் ஒரு பாடவேளை கேட்டாள்.

"ஒண்ணு என்ன, ரெண்டா எடுங்க" என்றார் அவர், உண்மையான சந்தோஷத்தோடு.

2025 பிப்ரவரி 5, புதன்கிழமை, மூன்றாம் பாடவேளை. எட்டாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பேர். திரிஷா விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள். ஓடவிட்டாள், நன்றாக இருந்தது. குனிந்து நிமிரச் சொன்னாள், தானும் செய்தாள், ஒன்றும் நழுவவில்லை. பதினெட்டு மாதத்துக்குப் பிறகு தன் குரல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டாள்.

பிறகு த்ரோபால். "கை முழுசா மேல போகணும். தோள்ல இருந்து எறியணும். இங்கன பாருங்க" என்று எல்லைக்கோட்டில் நின்று பந்தை எறிந்தாள். பந்து வலையைத் தாண்டிப் பின்கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது. ஆனால் வலக்கை மேலே போனபோது நெஞ்சுச் சதை இறுகி, அதன் அடியில் இருந்த பையை அக்குள் பக்கமாக மேலே இழுத்தது. டி-ஷர்ட்டுக்குள் ஒரு பக்கம் மட்டும் துள்ளி ஏறிக் கீழே இறங்கியது. ஓரம் தைத்த ஸ்பாஞ்சு இருந்த இடத்திலேயே தனியாக நின்றது.

பந்து எங்கே விழுந்தது என்று ஒருத்தியும் பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவள் கட்டளையிட்டுக்கூட எந்த வகுப்பும் இவ்வளவு ஒன்றாகத் தலைகுனிந்ததில்லை.

இன்னொரு முறை எறிந்தாள், தனக்காக. அதேதான் நடந்தது.

"அக்கா, நீங்க சொல்லுங்க, நான் எறிஞ்சு காட்டுறேன்" என்று திரிஷா மெதுவாகக் கிட்டே வந்தாள்.

"நீ நல்லா எறிவயா?"

"உங்க அளவுக்கு வராதுக்கா."

"வரும். முழங்கை மட்டும் மடங்குது. அதப் பாத்துக்க." விசிலைத் திரிஷாவின் கழுத்தில் தானே மாட்டிவிட்டு, மணி அடிக்கும் வரை கோட்டுக்கு வெளியே நின்றாள்.

பிப்ரவரி 10, திங்கட்கிழமை, நூலகப் பொறுப்பிலேயே தொடர விரும்புவதாக எழுதிக் கொண்டுபோனாள். யுவராணி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுவரைக்கும்னு போடலயே டீச்சர்."

அருள்செல்வி தாளை வாங்கி, 'நிரந்தரமாக' என்று இடைவரியில் சேர்த்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட்டாள்.

"வீட்டுல கேட்டீகளா?"

"கேட்டேன். உன் இஷ்டம்னு சொன்னாக."

யுவராணி கையெழுத்துப் போட்டார்.

நான்காம் பாடவேளை ஆறாம் வகுப்புக்கு நூலகம். வெளியே திரிஷாவின் விசில் கேட்டது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். முனீஸ்வரி என்ற சிறுமி மேல் தட்டைக் காட்டி, "டீச்சர், அந்த மிருகங்க படம் போட்ட புக்கு வேணும். எட்ட மாட்டேங்குது" என்றாள்.

அருள்செல்விக்கு எட்டும் உயரம்தான். வலக்கையை நீட்ட வேண்டும்.

"ஸ்டூலப் போட்டு நீயே எடுத்துக்க" என்றாள்.