கோபத்துக்கு ஓர் இரத்தப் பரிசோதனை

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் பழி என் தாய்க்குடிக்குத்தான் போகும். மட்டக்களப்புப் பக்கம் குடி என்கிற வம்சம் தாய்வழியாக வருவது. பிள்ளைக்கு நல்ல மூக்கு அமைந்தாலும் அதுதான் காரணம், பொல்லாத வாய் அமைந்தாலும் அதுதான் காரணம். அந்தக் குடியே கோபக்காரக் குடி என்பது என்னைப் பற்றி, கணவரைப் பெற்ற மாமியின் தீர்ப்பு.

என் கணவர் இருப்பது என் சீதன வீட்டில். அதனால் சண்டை முற்றினால் அவர்தான் வெளியேறுவார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வட்டைக்கு, எங்கள் வயலுக்குப் போய்விடுவார். போன வருடம் அது அடிக்கடி நடந்தது. ஒருநாள் திரும்பி வராமலே விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். பயம் வந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

அந்த நேரத்தில்தான் கொக்கட்டிச்சோலையிலிருந்து ஞாயிறுகளில் நகரத்துக்குப் போய் உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், டிப்ளோமா படிக்கத் தொடங்கினேன். உயிரியல் அணுகுமுறை என்ற பாடம் எனக்காகவே எழுதியது போல இருந்தது. மனிதர் நடந்துகொள்வதற்கெல்லாம் மூளை, ஓமோன், பரம்பரையலகு. அந்தப் பரம்பரையலகிலும் பாதி தகப்பனிடமிருந்து வருகிறதாம். அந்தப் பாதியை மாமியிடம் சொல்ல நாக்குத் துறுதுறுத்தது.

பஸ் மண்முனைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் வழக்கை முடித்துவிட்டேன். குற்றம் என் கணவரின் தைரொயிட்டில். அது கூடிப்போனால் எரிச்சல் வரும், நித்திரை குறையும், உடம்பு மெலியும் என்று குறிப்பில் இருந்தது. அவர் மெலியவில்லை. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

இரத்தம் சோதிக்க வாருங்கள் என்றேன். அவர் ஊசிக்குப் பயந்தவர். நீயும் கையை நீட்டினால்தான் நானும் நீட்டுவேன் என்று நிபந்தனை போட்டார். பெருந்தன்மையாக நீட்டினேன்.

அவருடைய இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. என்னுடைய முடிவைப் பார்த்த டொக்டர், நெஞ்சு படபடக்கிறதா, கை நடுங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். தைரொயிட் கூடிய வருத்தம் எனக்குத்தான். அத்தனையையும் பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தேன். என்னில் மட்டும் தேடவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. வெளியே வந்ததும் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். அவரோ என் கையைப் பிடித்து, நடுங்குகிறதா என்று பார்த்தார்.

டொக்டர் எழுதித் தந்த குளிசையைப் போடத் தொடங்கினேன். சில மாதங்களில் படபடப்பு அடங்கியது, வீடும் அடங்கியது. எரிச்சல் வந்தாலும் விழுங்கிக்கொண்டேன். அவர் நேரத்தோடு வந்து சாப்பிட்டார். ஆனால் அந்நிய வீட்டுக்கு வந்தவர் போல அளந்து அளந்து பேசினார்.

என் மறுபரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்த கிழமை, நான் அப்போதுதான் துடைத்த விறாந்தையில் அவர் சேற்றுக்காலோடு ஏறினார். ஒழுங்கையில் அத்தனை வீட்டுக்கும் கேட்கக் கத்திவிட்டேன். கத்தியதும் என் கண் சைக்கிளுக்குத்தான் போனது.

அவர் நின்ற இடத்திலேயே நின்று கேட்டார்.

"குளிசை போட்டதா, புள்ள?"

"ஓம். காலத்தாலயே போட்டுட்டன்."

"அப்ப இது தைரொயிட் வருத்தமில்ல, நீதான். ஆள் மாறிப் போயிட்டியோ எண்டு நான் பயந்துபோய் இருந்தன்."

சைக்கிளை அவர் தொடவில்லை. கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு சாப்பிட வந்தார்.